மூடுபனி தங்கிய வீடு

மலைப் பூங்காவின் புல்வெளிக்குச் சுற்றுலாப் பேருந்து விட்ட இரண்டாம் ஆண்டு, மேல்வாசல் வனக்காவலரின் வீட்டுக்குள் மூடுபனி வந்து தங்கியது. அதுவரை அது தினமும் மூன்று மணிக்குச் சிகரத்திலிருந்து இறங்கிப் புல்வெளியில் படுத்துக்கொள்ளும். பேருந்துகளும் பாட்டும் கூச்சலும் வந்த பிறகு அதற்குப் படுக்க இடமில்லாமல் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. காவலர் கதவைத் திறந்துவைத்துத் துண்டால் விசிறிப் பார்த்தார். போகவில்லை. அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஆறு வருடம் ஆகியிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றே மாதத்தில் சிமெண்டுத் தரையில் புல் முளைத்தது. இரும்புப் பெட்டிமேல் பாசி படர்ந்தது. சீருடை எத்தனை நாள் கொடியில் தொங்கினாலும் காயவில்லை. பருவம் வந்ததும் ஒரு மலையாடு நேராக உள்ளே வந்து கட்டிலுக்கடியில் குட்டி போட்டது. அதன் பின்னாலேயே மந்தையும் வந்து சேர்ந்தது. ரேஞ்சர் வந்து நான்கு சுவர்களையும் டேப்பால் அளந்தார். ஆடு குட்டி போடும் இடத்துக்கு என்ன சட்டமோ அதுதான் இதற்கும் என்று அறிக்கை எழுதி, அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது என்று வாசலில் பலகை அடித்துவிட்டுப் போனார். காவலர் பணியாளர் என்பதால் அவருக்குத் தடையில்லை. வேறு யாரும் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இல்லாததால் பலகையை யாரும் பொருட்படுத்தவில்லை.

காவலருக்கு ஒரு மகள், நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். அம்மா போன நாளிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. அம்மா அங்கே கடைசியாகப் படுத்திருந்த பத்து நாளும் அவர் மலையை விட்டு இறங்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் போய் நின்றார். அந்த மகள் ஒருநாள் போன் செய்து, “வரலாம்னு இருக்கேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

காவலர் அன்றே அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு இறங்கினார். கிளார்க் படிவத்தைப் புரட்டினார்.

“எதுக்கு வர்றாங்கண்ணே? ஆராய்ச்சியா, படம் எடுக்கவா?”

“என்னைப் பார்க்க.”

“அதுக்குக் கட்டம் இல்லையே.”

காவலர் நகராமல் நின்றார். கிளார்க் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கேல் வைத்து ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து ‘சொந்தம்’ என்று எழுதினார். அரை மணி நேரம் கிடைத்தது.

மகள் வந்த அன்று பனி இன்னும் அடர்ந்திருந்தது. அவள் செருப்பை வெளியே விட்டு, ஆடுகளின் முதுகைத் தடவித் தடவி உள்ளே வந்தாள். “வழுக்கும்மா, பார்த்து” என்று எங்கிருந்தோ அப்பாவின் குரல் கேட்டது. நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். எதிரே அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் ஆடுகள் புல் கடிக்கும் ஓசை கேட்டது.

“அன்னிக்கு ஏம்ப்பா வரல?”

டூட்டி என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இப்போதும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. முகம் தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “பயந்துட்டேம்மா. அவள அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேட்கவே இல்ல.”

அவள் அழுதாளா என்று அவரால் பார்க்க முடியவில்லை. அரை மணி கடந்தது. வெளியே ரேஞ்சரின் ஜீப் ஒருமுறை ஹாரன் அடித்து ஓய்ந்தது. அப்புறம் பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, மேசையைத் துழாவி, அவர் முன்னாலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தது.

“ஆறிப்போச்சு. வேற டீ போடறேன். அடுப்பு எந்தப் பக்கம்?”

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும், குட்டி போடும் பருவத்துக்காகப் பூங்காவை மூடும் மாதங்களில், அனுமதிச் சீட்டோடு அவள் மட்டும் மேலே வருவாள். பனி போகவில்லை, போக வேண்டும் என்று இருவரும் நினைக்கவுமில்லை. வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் படுத்திருக்கும் குட்டியிடம், “கொஞ்சம் தள்ளு” என்பாள். அது தள்ளிக்கொள்ளும்.