மொட்டைப் பேப்பர்

“அக்கா, இன்னைக்கும் மொட்டைப் பேப்பர்தானா?”

மாரித்தாய் கேட்டபோது ஜானகியம்மாள் காகித உருளையின் முனையைப் பிடித்து மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை. ஆனால் எல்லாருடைய கையும் நின்றது.

“அதேதான். பேரு வரட்டும், வந்ததும் அடிச்சிக்கிடலாம்.”

“பிள்ளையப் பெத்துப் பெத்து அடுக்கியாச்சு. பேரு வைக்க மாமன்தான் வரக் காணோம்” என்றாள் மூலையிலிருந்த வெள்ளைத்தாய். ஷெட்டே சிரித்தது. ஜானகியம்மாளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சுவரோரம் கூரைவரை ஏறி நின்ற காகிதக் கட்டுகளின் மேல் கண் போயிற்று. அங்கேயிருந்து பார்வையை எடுக்க ஒரு சிரமம் இருந்தது.

புதுக் காரில் கால் வைக்கிற இடத்தில் அழுக்குப் படாமல் விரிக்கிற பழுப்புக் காகிதம் அது. ‘கால் பேப்பர்’ என்றுதான் பெண்கள் சொல்வார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கார் கம்பெனி. அமெரிக்காவிலிருக்கும் தாய்க் கம்பெனிக்காக அது செய்கிற கார்கள், சென்னைத் துறைமுகத்தில் நெரிசல் என்று, தூத்துக்குடியில் கப்பலேறிப் போகும். அந்தக் கார்களுக்கு மெரால்டா என்று பெயர். கால் பேப்பரின் நடுவிலும் அதே பெயரைப் பச்சையில் அடித்து அனுப்ப வேண்டும். மெஷின் வைத்த பெரிய தீப்பெட்டி ஆலைகளோடு மல்லுக்கட்ட முடியாமல் ஜானகியம்மாளின் கணவர் சௌந்தரபாண்டியன், கைவேலைப் பட்டறையான தன் தீப்பெட்டி ஆபீசை மூடியபோது, தங்கை மகன் பாலகணேஷ் மூலமாக வந்த ஆர்டர். பாலகணேஷுக்கு அந்தக் கார் கம்பெனியில்தான் வேலை. போன பங்குனியில் சௌந்தரபாண்டியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதே ஷெட்டில் சாய்ந்தார். அதற்குப் பிறகு ஜானகியம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் காகித உருளைகளின் மேல் சற்றுக் கண்ணயர்வது வழக்கம். அந்த நேரத்தில் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர் போன பிறகும் அது மாறவில்லை. சாப்பாட்டுத் தூக்குகளைக் கழுவிக் கவிழ்த்ததும் பேச்சு தானாகவே அடங்கிவிடும். யாரும் சொல்லி வைத்துச் செய்வதில்லை. வீட்டில் அவருடைய சட்டைகளைப் பார்க்கும்போதுகூட வராத ஒன்று அந்த அடங்கிய பேச்சில் அவளுக்கு வந்தது. ஷெட்டை மூடினால் அந்த மதியநேரமும் போய்விடும். பெண்களின் கூலியைப் பற்றி அவள் கவலைப்பட்டது உண்மை. அதைவிட இதைப் பற்றிக் கவலைப்பட்டதும் உண்மை.

ஆவணியில் தகவல் வந்தது. தாய்க் கம்பெனி நஷ்டத்தைக் குறைக்கத் தன் கார்ப் பெயர்களில் பாதியைக் கைவிடுகிறது. மெரால்டாவும் அதில் ஒன்று. ‘பெயர் அச்சடிப்பதை நிறுத்தவும்’ என்றார்கள். செய்தித்தாளிலும் இரண்டு பத்தி வந்திருந்ததை அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள். பயம் வரவில்லை. முப்பது வருஷம் தீப்பெட்டிக்காரன் வீட்டில் வாழ்ந்தவள். குஜராத்தில் ‘மூணு கிளி’ லேபிள் போணியாகவில்லை என்றால் சௌந்தரபாண்டியன் அதே குச்சிக்கு, அதே பெட்டிக்கு ‘வெள்ளிச் சேவல்’ லேபிளை ஒட்டுவார். மறுவாரம் லாரி ஏறிவிடும். லேபிள் செத்தால் குச்சி சாகாது. நாளைக்கே புதுப்பெயர் வந்து கட்டுக் கட்டாய்க் கேட்டால் கையில் சரக்கு வேண்டாமா? பெயரடிக்காத மொட்டைப் பேப்பரை வெட்டி அடுக்கச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் வன்னியபெருமாள் அண்ணாச்சி வந்தார். கடம்பூர் ரோட்டில் தீப்பெட்டி ஆலை வைத்திருப்பவர். ஊர் ஊராய் வேன் விட்டு ஆள் எடுக்கிறார்.

“தீபாவளி கழிச்சு வேன் இந்தப் பக்கம் வருது. உங்க ஷெட்டுப் பிள்ளைகள ஏத்தி விடுதீங்களா? அப்ப விட்டா பெறவு எடமிருக்காது, சொல்லிட்டேன்.”

“எதுக்கு அண்ணாச்சி? லேபிள்தான போச்சு. எங்களுக்கு வேலை கெடக்கு.”

அவர் கட்டுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அதுவுஞ் சரிதான்” என்று கிளம்பினார். அவரும் தீப்பெட்டிக்காரர்.

தீபாவளிக்கு மறுநாள் பாலகணேஷ் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தான்.

“புதுசா என்ன பேரு வைக்கானுவ?” என்று கேட்டாள்.

“என்ன பேரு அத்தை?”

“காருக்கு. மெரால்டாவ எடுத்திட்டு வேற என்ன போடுதாங்க?”

அவன் அதிரசத்தைத் தட்டில் திரும்ப வைத்தான். “அத்தை, இது தீப்பெட்டி இல்ல. அந்த நாட்டுல அந்தப் பேருல கார் விக்கிற கடை இருந்துச்சி, ரிப்பேர் பாக்குற எடம் இருந்துச்சி. எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. வேற பேருக்கு வேற கார் இருக்கு, அத வேற நாட்டுல செய்யுதாங்க. நம்மகிட்ட யாரும் கேக்கல.”

“இங்கன விக்க வேண்டியதுதான?”

“ஸ்டீரிங்கு எடப்பக்கம் இருக்கு. இங்க யாரு ஓட்டுவா?”

ஓர் ஆலை முழுக்கச் செய்த கார்கள் ஒருத்தருக்கும் வேண்டாம் என்பது அவளுக்குள் இறங்க மறுத்தது. படித்த பிள்ளைகள் சீக்கிரம் மனசு விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவனைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட பாதை பிரிகிற எட்டயபுரம் விலக்குவரை கூடப் போனாள். மழை அடித்து ஓய்ந்திருந்தது. டீக்கடை ஓரத்தில் ஒரு நீள டிரெய்லர், மேலும் கீழுமாகக் கார்கள் ஏற்றி நின்றது. இந்த வழியாகத் தூத்துக்குடிக்கு நிறையப் போகும், வெறும் வண்டியாய்த் திரும்பும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இதன் முகம் வடக்கே பார்த்திருந்தது.

“துறைமுகத்துக்குப் போகலியாப்பா?” என்று டிரைவரிடம் கேட்டாள்.

“அங்கயிருந்துதாம்மா வாரேன். கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. உப்புக் காத்துல நின்னு நின்னு துரு புடிக்குதுன்னு ஆலைக்கே கொண்டு போகச் சொல்லிட்டாங்க. நமக்கென்ன, போவும்போதும் லோடு, வரும்போதும் லோடு.”

அவன் சிரித்தான். ஜானகியம்மாள் கிட்டே போனாள். எல்லாம் வெள்ளைக் கார்கள். முகப்பில் பெயர் பதித்திருந்த இடத்தில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒன்றில் டேப் நனைந்து தொங்க, அடியில் இரண்டு சிறிய துளைகள் மட்டும் இருந்தன. வேறு பெயர் வைப்பதற்கான ஏற்பாடு எதுவும் அங்கே தெரியவில்லை. பஸ் வந்ததும் பாலகணேஷ் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினான். அவனுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்கவில்லையே என்பது பஸ் மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் வன்னியபெருமாள் அண்ணாச்சிக்குப் போன் செய்தாள். “எடமிருக்கா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டாள். “வேன் அனுப்புதேன்” என்றார் அவர்; காரணம் கேட்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

விடிந்தும் விடியாத நேரத்தில் வேன் வந்தது. ராத்திரி பெய்த மழையில் கரிசல் மண் அல்வா மாதிரி கிடந்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு ஷெட் முன்னால் நின்றார்கள்.

“நீங்க என்ன செய்வீங்க அக்கா?” என்றாள் மாரித்தாய்.

“ஏட்டி, நான் என்ன சின்னப்பிள்ளையா? ஏறு, எடம் போயிரும்.”

“அண்ணாச்சி அப்பவே வந்து கேட்டாவ. நீங்கதான் விடல” என்றாள் வெள்ளைத்தாய். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். ஜானகியம்மாள் தலையை ஆட்டினாள். எல்லாரும் ஏறினார்கள்.

வேன் நகரவில்லை. பின்சக்கரம் உறுமி உறுமிக் கறுப்புச் சேற்றைக் கிண்டி, அச்சு வரைக்கும் இறங்கிக்கொண்டது. டிரைவர் தலையை நீட்டி, “எறங்கித் தள்ளுங்கம்மா!” என்றான். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனின் முதுகில் கை வைத்தார்கள். “ஏலேலோ” என்றாள் ஒருத்தி. வேன் ஆடியது, ஏறவில்லை.

ஜானகியம்மாள் செருப்பை உதறிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினாள். மாரித்தாய் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். குளிர்ந்த தகரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, தோளைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். மண் கணுக்காலைக் கவ்வி இழுத்தது. இன்னொரு தடவை எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். சக்கரம் ஒருமுறை சுழன்று சேற்றை வாரி அவள் சேலையில் அடித்தது. சட்டென்று வேன் அவள் கைகளை விட்டு முன்னால் போயிற்று.