ஏழாம் எண்ணின் பின்பக்கம்

பார்லி ஒயின் என்று பெயரே தவிர, அதில் திராட்சைக்கு ஒரு வேலையும் இல்லை. அது பீர்தான். சாதாரண பீரைவிட இரண்டு மடங்கு போதை, மூன்று மடங்கு கர்வம். காய்ச்சி, புளிக்கவிட்டு, ஒரு வருடமாவது பாட்டிலில் சும்மா தூங்கவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் போட்டியில், இந்த வகைக்கு என்னைப் பத்து வருடமாக நடுவராக உட்கார வைக்கிறார்கள். மற்ற நாட்களில் நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். "இது தெளிவா, அது தெளிவா" என்று நாள் முழுக்க ஊரைக் கேட்கிறவனை, வருடத்தில் ஒரு நாள் ஊர் கேட்கிறது. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இந்த வருடப் போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் நடந்தது. என் மேசையில் நானும் ஒரு பல் டாக்டர் அம்மாவும். எதிரே பதினொரு பாட்டில்கள், லேபிள் இல்லாமல், எண் மட்டும் ஒட்டி. எழுதி முடிக்கும்வரை நடுவர்கள் பேசக்கூடாது. மதிப்பெண் தாளில் நடுவர் பெயர் இருக்காது. அந்தத் தாள் காய்ச்சியவருக்கே போய்ச் சேரும். இன்னொரு விதியும் உண்டு. இது யார் காய்ச்சியது என்று தெரிந்துவிட்டால், கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த விதியை நான் மீறினேன். அப்போது நானும் என் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பா அம்மா போனபிறகு நாங்கள் இரண்டு பேர்தான். சமையலறை முழுக்க அவனுடைய அண்டாக்கள். சனிக்கிழமையானால் அவன் பீரைக் குடிக்க ஆட்கள் வருவார்கள். கதவைத் திறப்பது நான். அவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "தம்பி இருக்காரா?"

அந்த வருடம் அவனுடைய பாட்டில் என் மேசைக்கே வந்தது. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஐம்பதுக்குப் பத்தொன்பது போட்டேன். "காய்ச்சியவர் வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்வது நல்லது" என்று குறிப்பும் எழுதினேன். தாளில் பெயர் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். ஏழாம் வகுப்புவரை அவனுக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொடுத்தது இதே கைதான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவன் தாளை என் முன்னால் வைத்து, "உன் கையெழுத்து" என்றான். அவ்வளவுதான். அந்த வாரமே அண்டாக்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். போன் செய்தால் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. இப்போது வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். இருவரில் ஃப்ரிட்ஜ்தான் அதிகம் சத்தம் போடும்.

முதல் ஆறு பாட்டில்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. இன்னொன்று தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. ஏழாவதை ஊற்றி, கண்ணாடிக் கோப்பையை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். பழுப்புக்குள் ஒரு சிவப்பு. பேரீச்சை, உலர்ந்த திராட்சை, அதற்கு அடியில் லேசாகக் கருகிய சர்க்கரை. ஒரு வாய் குடித்தேன். இனிப்பு, கசப்பு, வயிற்றில் ஒரு கதகதப்பு, எல்லாம் அடங்கியபிறகு நாக்கின் ஓரத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஓர் உப்பு.

கோப்பையைக் கீழே வைத்தேன். கொதிக்கும்போது அடி லேசாகப் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். மறுபடியும் அனுப்பியிருக்கிறான். நான் நடுவராக இருப்பேன் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறான். இந்தத் தடவையும் எழுந்திருக்க வேண்டியவன்தான். எழுந்தால் இந்தத் தாள் என் கையைவிட்டுப் போய்விடும். அவனுக்குப் போய்ச் சேரக்கூடிய ஒரே காகிதம் அதுதான். உட்கார்ந்தே இருந்தேன்.

நாற்பத்து நாலு போட்டேன். குறிப்பை ஒழுங்காக எழுதினேன். பிறகு தாளைத் திருப்பினேன்.

"போன தடவை நான் எழுதியது பொய். அந்த பீர் நன்றாக இருந்தது. எல்லோரும் உன்னைத் தேடி வந்தார்கள், என்னைத் தேடி யாரும் வரவில்லை, அந்த வயிற்றெரிச்சலை மதிப்பெண்ணாகப் போட்டேன். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அதில் இப்போது துணி காயப்போடுகிறேன். எடுத்துவிடுகிறேன். வீட்டில் பேச ஆளில்லை. வா."

பல் டாக்டரால் பொறுக்க முடியவில்லை. "என்ன சார், பரீட்சையா எழுதறீங்க? அடிஷனல் ஷீட் வேணுமா?"

பிறகு விவாதம். "அடிப்பிடிச்ச வாசனை வருது, இதுக்குப் போய் நாற்பத்து நாலா?" என்றார்.

"வேணும்னே பிடிக்க விட்டிருக்காங்க, டாக்டர்."

"அப்படிப் பார்த்தா எங்க வீட்டுல தினமும் வேணும்னேதான் நடக்குது."

இழுத்துப் பிடித்து நாற்பத்தொன்றில் நின்றோம். எங்கள் வகையில் அதற்கு இரண்டாம் பரிசு.

மாலை நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். "ஏழாம் எண்" என்றதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். சீருடையில் ஒரு பஸ் டிரைவர் மேடைக்குப் போனார். அவனுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள வந்திருக்கிறாரோ என்று பார்த்தேன். காய்ச்சியவர் என்று அவர் பெயரையே வாசித்தார்கள். மூக்கு உடைந்தது. நடுவருக்கு உடையக்கூடாத இடம்.

பரிசோடு கொடுத்த மதிப்பெண் உறையைப் பிரித்துப் படித்த டிரைவர், தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக விசாரித்து வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பல் டாக்டர் தாடையால் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

"சார், முன்பக்கம் எனக்கு. பின்பக்கம் யாருக்குன்னுதான் தெரியல" என்றார் டிரைவர். "பஸ்ல யாராவது எதையாவது விட்டுட்டுப் போனா திருப்பிக் கொடுத்துடுவேன், அந்தப் பழக்கம். படிச்சுட்டேன், தப்பா நினைக்காதீங்க."

"உப்பு போட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரே சிட்டிகை. எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியமே வாங்கியிருக்கார்."

"அவர் ஏன் போட்டிக்கு அனுப்பல?"

"போட்டின்னாலே பேச்சை மாத்திடுவார் சார். என் பாட்டிலை மட்டும் பத்துத் தடவை ருசி பார்த்துட்டு, இப்ப அனுப்புன்னார். எங்க தெருவுலதான் மாடி ரூம்ல தனியா இருக்கார்."

"சொந்தக்காரங்க?"

"யாரும் இல்ல. ஒத்தப் பிள்ளைன்னு சொன்னார்."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டுவதற்காவது ஓர் ஆள் வேண்டும். அவன் அந்த ஆளையே எடுத்துவிட்டிருந்தான். தண்ணீர் குடிப்பதுபோல் கொஞ்ச நேரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "முன்பக்கத்தை நான் அவர்கிட்ட காட்டணும் சார், ரொம்ப சந்தோஷப்படுவார். வேணும்னா அதை மட்டும் வேற தாள்ல எழுதிக் கொடுங்க. இதை நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

புதுத் தாளை எடுத்தேன். நிறம், தெளிவு, மணம் என்று இரண்டு வரி எழுதினேன். நல்ல வழிதான். பின்பக்கம் என் பையிலேயே இருக்கும், யாருக்கும் தெரியாது. அவன் ஒற்றைப் பிள்ளையாக இருப்பான், நான் கண்ணாடிக் கடைக்காரனாக இருப்பேன், ராத்திரி வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேனாவை மூடினேன்.

"இதையே காட்டுங்க. ரெண்டு பக்கமும்."

"பின்பக்கம் யார் எழுதினதுன்னு கேட்டா?"

கையெழுத்தைப் பார்த்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

"அவரோட அண்ணன்னு சொல்லுங்க."

டிரைவர் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டார்.

"சரிண்ணே, டியூட்டி முடிஞ்சதும் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கடைக்கு வருகிறவர்கள் என்னை சார் என்பார்கள். "அண்ணே" என்று என்னை யாரும் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கூப்பிட்டது அவனில்லை என்று தெரிந்தும், "என்னடா" என்று வாய் திறந்துவிட்டேன். அதற்குள் டிரைவர் வாசலைத் தாண்டியிருந்தார்.