ஓடு ஏற்றி வந்த படகு

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் எந்நேரமும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கால்வாயின் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குப் படகுகளை இறக்கும் லாக்கின் கரையில் இருந்தது அந்த வீடு. இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய கல்தொட்டிதான் லாக். படகு உள்ளே வந்ததும் மேல்கதவைச் சாத்திவிட்டுக் கீழ்க்கதவின் அடியிலுள்ள சிறு ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வடியும். படகும் கூடவே இறங்கும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் மாமாவும்தான் அதைப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா சரக்குப் படகுக்காரர்.

ஒருநாள் அவர் கூரை ஓடு ஏற்றிக்கொண்டு வந்தார். மேல்கதவின் அடியில், தண்ணீருக்குள், ஒரு கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும். படகு அதன்மேல் போய்விடாமல் கயிற்றை இழுத்துப் பிடிப்பது படகுக்காரர் வேலை. அப்பா கையில் கயிறு தளர்ந்தது. தண்ணீர் வடிய வடிய, படகின் பின்பக்கம் கல்மேல் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஓடுகள் சடசடவென்று தண்ணீருக்குள் சரிந்தன.

அம்மா கீழ் ஷட்டரை ஒரே மூச்சில் இறக்கினாள். “அண்ணே, மேல் ஷட்டரைத் தூக்கு! மெதுவா... மெதுவா!”

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. படகு முனகியபடி நிமிர்ந்து, கல்லைவிட்டு விலகி மிதந்தது. அப்பா விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்களா? உயிரே போயிருக்கும்!” என்று கத்தினாள் அம்மா.

பிறகு எங்களிடம் அந்தக் கதையைச் சொல்லும்போதுதான் அப்பாவுக்குப் பதில் வரும். “உங்கம்மாவப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு அப்பவே சொல்லியிருந்தா, அவளே என்னத் தண்ணிக்குள்ள தள்ளியிருப்பா.”

“பொய். கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தாரு. நான் பாத்தேன்” என்பாள் அம்மா.

“பாத்தியா? அப்ப நீயும் என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்க.”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சிரிப்பை மறைக்கத்தான்.

உடைந்த ஓடுகள் அடியில் கிடந்ததால் கீழ்க்கதவு சரியாகச் சாத்தவில்லை. மேலும் கீழும் பலகை போட்டு அடைத்து, லாக்கை வற்றவைத்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று அப்பா கூடை கூடையாக ஓடு அள்ளினார். இதுதான் சமயமென்று அம்மா, மேலே சாரத்தில் உட்கார்ந்து கதவு இடுக்குகளில் சணல் திணித்துத் தார் பூசினாள். ஒரு கரண்டித் தார் நேராக அப்பா தலையில் விழுந்தது. கை தவறிவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். மாமாதான் கத்தரிக்கோல் எடுத்துவந்து, சிரித்துச் சிரித்து, அவர் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்.

வேலை முடிந்து, தண்ணீர் விட்டு, அப்பா கிளம்பிப் போனார். சில நாளில் அதே படகு கீழே வந்து நின்றது. உள்ளே ஒன்றுமில்லை.

“சரக்கு எங்க?” என்றாள் அம்மா.

“சரக்கு இல்ல.”

“வெறும் படகை ஏத்துறதுக்கு ஒரு தொட்டித் தண்ணி வீணாப் போகுமே.”

அப்பா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். “அப்ப இங்கேயே கட்டிப் போட்டுடட்டுமா?”

அம்மா நிதானமாக ஷட்டர் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் பூசி முடித்தாள். பிறகு கரையில் படகு கட்டும் கட்டைத் தூணைக் கையால் காட்டினாள்.

நாங்கள் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் படகு அங்கேயேதான் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் நால்வரும் அதில் இறங்கி உட்கார்ந்து சாப்பிடுவோம். ஏதாவது படகு ஹாரன் அடித்தால் அப்பா ஒரு கரைக்கும் அம்மா மறு கரைக்கும் ஓடுவார்கள். எங்கள் தட்டு லேசாக ஆடும்.