கூட ஆர் வருவினம்?

"அந்த ஆள் ஆர்?"

தியாகராசா சாப்பாட்டில் இன்னும் கை வைக்கவில்லை. இடியப்பத் தட்டுக்கும் சொதிக்கும் நடுவே அவருடைய கைபேசி கிடந்தது. அதில் ஒரு படம். மொன்ட்ரியால் டவுன்டவுனில் ஒரு கடைத்தொகுதியின் நிலக்கீழ்த் தளம். சனம் உட்கார்ந்து சாப்பிடும் இடம். ஒரு மேசையில் கொப்பி விரிந்திருந்தது. இந்தப் பக்கம் பென்சிலோடு ஓர் ஆண். அந்தப் பக்கம் கஜந்தினி.

கஜந்தினி சொதிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பாடம் சொல்லித் தாறவர், அத்தான்."

"பாடம்," என்றாள் தியாகராசாவின் மனைவி சிவநேசம். "முப்பத்தேழு வயசிலை பாடம். அதுவும் சிரிச்சுச் சிரிச்சு."

கஜந்தினி குனிந்து படத்தைப் பார்த்தாள். உண்மைதான், சிரித்துக்கொண்டிருந்தாள். பல்கூடத் தெரிந்தது. யாரோ வேறொருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"கோயிலிலை என்னட்டைக் கேக்கினம், உங்கடை வீட்டிலை இருக்கிற பிள்ளைக்கு இரண்டாந்தரம் ஏதும் பாக்கிறியளோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"கணக்குப் படிக்கிறா எண்டு சொல்லுங்கோ, அக்கா."

"சொன்னால் நம்புவினமோ? உம்மடை மனிசன் போய் நாலு வருசந்தான் ஆகுது. உமக்கு ஒண்டும் தெரியாது, கதை எங்களுக்குத்தான்."

தியாகராசா தொண்டையைச் செருமினார். "உவரை விடு, பிள்ளை. ஒரு பொம்பிளைப் பிள்ளையாப் பாத்துப் படி. சோதினை எப்ப?"

"மூண்டு கிழமை இருக்கு."

"காணுந்தானே."

அவளுக்கு அந்த நேரத்தில்தான் ஒன்று வாயில் வந்தது. "கடையிலை நான் தனியத்தானே நிக்கிறன், அத்தான். எத்தினை ஆம்பிளையள் வந்து போகினம்."

"கடை வேறை," என்றாள் சிவநேசம் உடனே. "அது வேலை."

"கடையிலை கமரா இருக்கு," என்றார் தியாகராசா. "நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

அதோடு பேச்சு முடிந்தது. அவர் இடியப்பத்தைப் பிய்க்கத் தொடங்கினார். கஜந்தினி சொதியை ஊற்றினாள்.

தியாகராசா கெட்டவரல்ல. தம்பி ரதீசன் பார ஊர்தியின் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து இறந்தபோது, பிள்ளைகுட்டி இல்லாத அவன் மனைவியைத் தனியே விடக்கூடாது என்று பியர்பொன்ட்ஸில் இருந்த தன் வீட்டின் கீழ்த்தளத்தை ஒழித்துக் கொடுத்தவர். ஒவ்வொரு பனிக்காலமும் சப்பாத்து வாங்கிக் கொடுப்பார். மொன்ட்ரியால்-நோரில் அவருக்கு ஒரு டெப்பனர் இருந்தது. பால், பாண், பியர், சிகரெட், லொத்தர்ச் சீட்டு விற்கும் மூலைக்கடை. செவ்வாய் முதல் சனிவரை, மத்தியானம் தொடங்கி இரவு எட்டு மணிவரை, அவள் அங்கே கல்லாவில் நின்றாள். அதற்குச் சம்பளம் என்று யாரும் பேசவுமில்லை, அதைக் கைம்மாறு என்று சொல்லவுமில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வருவாள்.

ஒரு நாளைக்கு நூறு பேராவது அவளோடு பேசினார்கள். பொன்ஜூர், இதென்ன விலை, அந்தச் சிவப்புப் பெட்டி, மெர்சி. வீடு வந்து கீழே இறங்கினால், அன்று முழுவதும் தன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்பது சில நாட்களில் நினைவுக்கு வரும். ரதீசனின் படத்துக்கு முன்னால் இருந்த சின்ன மின்விளக்கைத் தட்டிவிட்டு, "வந்திட்டன்" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கடதாசி இருந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் பிரதி. பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல், ரதீசன் தன் கையால் நிரப்பியது. "கொமர்ஸ் படிச்சனீர், சோதினை எழுத விடாமல் சண்டை வந்திட்டுது. மிச்சத்தை இஞ்சை படிச்சு முடியும்," என்று சொல்லித்தான் அதை நிரப்பினான். இடம் கிடைத்த கடிதம் வந்தபோது அவன் இருக்கவில்லை.

திங்கள் மாலையில் வகுப்பு. மற்றப் பாடங்களை எப்படியோ கடந்துவிட்டாள். பிஸ்னஸ் கல்குலஸ் என்ற கணக்குப் பாடத்தில் விழுந்தாள். விரிவுரையாளர் பலகை நிறைய எழுதி, அவள் பாதி எழுதுமுன் அழித்துவிடுவார். ஒரு தடவை கோட்டைவிட்டாயிற்று. இரண்டாம் தடவையும் தவறினால் அந்தப் பட்டப்படிப்பில் தொடர முடியாது என்று கடிதம் வந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் இலவசமாக உதவி செய்யும் இடமொன்று உண்டு. அது திறந்திருப்பது செவ்வாய் முதல் வெள்ளிவரை பின்னேரங்களில், அவள் கல்லாவில் நிற்கும் மணிகளில். ஆகவே ஓர் ஆளைத் தேடினாள்.

முதலில் எடுத்தது அன்டன் மாஸ்டர் வீட்டு இலக்கம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வீட்டில் வகுப்பு வைக்கிறார் என்று கேள்வி. மனைவி எடுத்தாள்.

"பிள்ளை என்ன வகுப்பு?"

"பிள்ளைக்கு இல்லை, அன்ரி. எனக்குத்தான்."

"உமக்கோ? அவர் என்ன செய்யிறார்?"

"அவர் இல்லை. மோசம் போயிட்டார்."

"ஐயோ பாவம்." குரல் உண்மையாகவே இளகியது. இளகிய அதே மூச்சில் கேட்டாள்: "அப்ப உம்மோடை கூட ஆர் வருவினம்?"

"நான் தனியத்தான் வருவன்."

"அப்பிடியோ. நான் மாஸ்டரைக் கேட்டுச் சொல்லுறன்." அவள் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

பிறகு சாருஜா. இருபத்திரண்டு வயது, கணக்கில் கெட்டிக்காரி, முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு மேசையில் இருந்து படித்தார்கள். இரண்டாம் கிழமை, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது சாருஜாவின் தாய் வந்து நின்றாள்.

"குறை நினையாதையும், தங்கச்சி. பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு நடக்குது. நாள் பாத்து ஆக்கள் வந்து போவினம். நீரும் வந்து போக..." மிச்சத்தை அவள் சொல்லவில்லை. "எல்லாம் சரிவரட்டும், பேந்து பாப்பம்."

கஜந்தினி சப்பாத்தின் நாடாவைக் கட்டி முடித்தாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டிவிட்டாள். பஸ் தரிப்பில் நின்றபோது சாருஜாவின் குறுஞ்செய்தி வந்தது: சொறி அக்கா, அம்மா இப்பிடித்தான். அழுகிற முகங்கள் மூன்று. தான் தொட்ட மேசையைத் தாய் உடனே துடைத்திருப்பாளா, விளக்கு வைத்த பிறகு துடைப்பாளா என்று யோசித்தபடி அவள் பஸ் ஏறினாள்.

றெக்ஸ் என்ற ஒருவனின் விளம்பரத் துண்டு, தமிழ்ப் பலசரக்குக் கடையின் அறிவித்தற் பலகையில் ஒரு கோயில் திருவிழா நோட்டீசின் அடியில் கிடந்தது. "கணிதம் சொல்லித் தரப்படும்." கீழே, கிழித்துக்கொண்டு போவதற்காகத் தொலைபேசி இலக்கம் பத்துத் தடவை எழுதப்பட்டிருந்தது. ஒன்றையும் யாரும் கிழித்திருக்கவில்லை. அவள்தான் முதலாவதைக் கிழித்தாள்.

"வணக்கம் சேர். நான் பிஸ்னஸ் கல்குலஸ் படிக்கோணும்."

"சேர் எண்டு சொல்லாதேங்கோ. நான் ரெஸ்ரோரண்டிலை சட்டி கழுவுறவன்." சிரித்தான். பிறகு கேட்டான்: "எந்த இடத்திலை இடறுது?"

ஊரில் எவடம் என்று கேட்பான், அவர் என்ன செய்கிறார் என்று கேட்பான் என்று எல்லாவற்றுக்கும் பதில் ஆயத்தமாக வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை.

"ஹலோ? நிக்கிறியளோ?"

"ஓம். பெறுதி, அந்த டெரிவேற்றிவ், கண்டுபிடிப்பன். அது என்னத்துக்கு எண்டு விளங்கேல்லை."

"அப்ப நல்லாத்தான் இடறியிருக்கிறியள். சரி, எங்கை சந்திப்பம்?"

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தோடு கணிதத்தை விட்டுவிட்டு வந்தவன். நாற்பது தாண்டிவிட்டது. மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தான். அங்கே போக முடியாது. இவளிருந்த வீட்டுக்குக் கூப்பிட முடியாது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடமாக இருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அவள்தான் யோசித்தாள். டவுன்டவுனில் சனம் முட்டி வழிகிற, வெளிச்சமான, நட்டநடு மேசையாகத் தெரிவு செய்தாள். ஒளித்திருந்து படித்திருந்தால் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் படத்தில் ஏன் சிரித்தாள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. அன்று றெக்ஸ் கேட்டான், "உங்கடை கடையிலை ஒரு நாளைக்கு நூறு கோப்பி விக்கிறியள் எண்டு வையுங்கோ. நூற்றியோராவது கோப்பி விக்கிறதுக்கு உங்களுக்குச் செலவு எவ்வளவு கூடும்? அதைத்தான் இந்தப் பெறுதி சொல்லுது."

"அது எல்லைச் செலவெல்லோ! பொருளியலிலை படிச்சனாங்கள்!"

"பின்னை? பதினேழு வயசிலை தெரிஞ்சதை இப்ப தெரியாது எண்டு அழுதுகொண்டிருக்கிறியள்."

அதற்குத்தான் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் சிவநேசத்தின் கோயில் சிநேகிதி ஒருத்தி பக்கத்து மேசையில் கைபேசியைத் தூக்கியிருக்கிறாள்.

தியாகராசா சொன்னபடி அவள் றெக்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, இனி வரமுடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை. "விளங்குது," என்றான். பிறகு, "ஆறாம் அதிகாரத்தை மட்டும் விட்டிடாதேங்கோ," என்றான்.

ஒரு கிழமை போனது. பொம்பிளைப் பிள்ளை ஒருத்தியும் அகப்படவில்லை. ஞாயிறு முழுவதும் கீழ்த்தளத்தில் இருந்து தனியே போட்டுப் பார்த்தாள். மூன்றாம் வரியில் எல்லாம் நின்றுவிட்டது. மேலே தொலைக்காட்சி ஓடியது, நாற்காலி இழுபட்டது. விண்ணப்பக் கடதாசியை எடுத்துப் பார்த்தாள். ரதீசன் ஏதாவது சொல்வான் என்று ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு அதை மடித்து, இருந்த இடத்தில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணி. கடையில் ஆளில்லை. அந்த நேரத்தில் எப்போதும் ஆளிருக்காது. பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் சனம் வரும். கால் உளைய, கல்லாவுக்குப் பின்னால் இருந்த பால்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, கைபேசி அடித்தது.

"ஏன் பிள்ளை இருக்கிறாய்? சோடாப் பெட்டியளை அடுக்கலாமே."

"அடுக்கிறன், அத்தான்."

தலைக்கு மேலே கமராவின் கறுப்புக் குமிழ் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. நான்கு வருடமாக அதன் கீழேதான் நிற்கிறாள். இன்றுதான் அதை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள். சோடாப் பெட்டிகளை அடுக்கினாள். கையைத் துடைத்தாள். பிறகு றெக்ஸுக்கு எடுத்தாள்.

"உங்களுக்கு எத்தினை மணிக்கு வேலை?"

"அஞ்சுக்கு."

"இரண்டு மணிக்கு மொன்ட்ரியால்-நோருக்கு வருவியளோ? எங்கடை கடைக்கு. ஒரு கோப்பி வாங்கிற மாதிரி."

"வாங்கிற மாதிரியோ, வாங்கோணுமோ?"

"வாங்கோணும். கடைதானே."

மறுநாள் கதவு மணி அடித்தபோது இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. றெக்ஸ் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். கோப்பி ஊற்றிக்கொண்டான், விலையை வைத்தான், மிச்சத்தை வாங்கினான். அவள் லொத்தர் இயந்திரத்தை ஒரு பக்கம் தள்ளி, கொப்பியை விரித்தாள். ஆறாம் அதிகாரம். அவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நடுவில் கல்லா.

இரண்டாவது கணக்கில் கைபேசி அடித்தது.

"ஆர் அந்த ஆள்?"

"கஸ்டமர், அத்தான்."

"கன நேரமாய் நிக்கிறான். என்ன எழுதுறான்?"

"கணக்கு."

அவர் படத்தில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டிருப்பார். "பிள்ளை, நான் உனக்கு என்ன சொன்னனான்?"

"கடை வேறை எண்டு அக்கா சொன்னவ, அத்தான்."

"உது..." என்றார். "உதை நான்... கடையிலை நீ தனியவெல்லோ நிக்கிறாய். கூட ஒருத்தரும் இல்லை."

கூட ஆர் வருவினம் என்று அன்டன் மாஸ்டரின் மனைவி அவளிடம் கேட்ட அதே கேள்விதான். இப்போது அவளிடம் பதில் இருந்தது.

"நீங்கள் நிக்கிறியள்தானே, அத்தான்."

கதவு மணி அடித்தது. வயதான ஒரு பிரெஞ்சுக்காரி பால் வாங்க வந்தாள். "பொன்ஜூர், மதாம்," என்றாள் கஜந்தினி. கைபேசியை நிறுத்தாமல் கல்லா மேலே வைத்துவிட்டுப் பாலை விற்றாள். "மெர்சி," என்று சொல்லிக் கிழவி போகும்வரை றெக்ஸ் கோப்பியைக் குடித்தபடி சிகரெட் விலைப் பட்டியலை வாசித்துக்கொண்டு நின்றான். கைபேசியில் நேரம் ஓடிக்கொண்டேயிருந்தது. தியாகராசா அதைத் துண்டிக்கவும் இல்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

"நான் போகட்டோ?" என்று றெக்ஸ் மெதுவாகக் கேட்டான்.

கஜந்தினி கொப்பியை எடுத்துக் குமிழுக்கு நேரே திருப்பி வைத்தாள். பால்பெட்டியைக் காலால் இழுத்துப்போட்டு, கமரா பார்க்க, அதன் மேல் உட்கார்ந்தாள்.

"இஞ்சாலை வெளிச்சத்துக்கு வாங்கோ, அண்ணை," என்றாள், கைபேசிக்கும் கேட்கும்படி. "அத்தானுக்கு வடிவாத் தெரியோணும்."