பின்னால் தள்ளிய சீட்

"யாருலா இந்த சீட்டுல உக்காந்தது, கோழியா?"

சனிக்கிழமை காலை காரின் கதவைத் திறந்ததும் ஜெயபாலன் கேட்டது இதுதான். வீட்டுக்குள் இருந்த புஷ்பலதாவின் காதில் விழவேண்டும் என்றே உரக்கக் கேட்டார். முந்தின நாள் காரை எடுத்துப் போனவள் அவள்தான். அவள் குள்ளம். நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டுகிற அளவுக்கு சீட்டை முன்னால் இழுத்தால்தான் கிளட்ச்சுக்குக் கால் எட்டும். ஜெயபாலனோ அவர் வீட்டு ஆண்கள் எல்லாரையும் போல நெட்டை. அவள் ஓட்டிய மறுநாளெல்லாம் இந்தக் கேள்வி வரும்.

"முட்டை போட்டிருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க," என்று அவள் சமையலறையிலிருந்தே பதில் கொடுத்தாள்.

அவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பிடியைத் தூக்கினார். கடக், கடக், கடக் என்று சீட் பின்னால் போயிற்று. செமோர் சந்தைக்குப் போய் ஒரு தேங்காயும் முருங்கைக்கீரையும் வாங்கி வந்தார். "இந்த ரெண்டாவது கியரு காலைல என்னா முரண்டு பிடிக்குதுலா, கோயில் முக்கு தாண்டுனாத்தான் வழிக்கு வருது," என்று சொல்லிக்கொண்டே சாவியை ஆணியில் மாட்டினார். அதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, நெஞ்சு என்னவோ மாதிரி இருக்கிறது, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். அவள் கீரையை ஆய்ந்து, சோறு வடித்துவிட்டு வந்து எழுப்பினாள். அவர் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. யார் யாரோ வந்தார்கள். வாசலில் கூடாரம் போட இடம் வேண்டும் என்று ஜெயபாலனின் தம்பி சுரேன் காரை எடுத்துத் தெருமுனையில் நிறுத்தினான். அவனும் நெட்டை என்பதால் சீட்டைத் தொடவில்லை. கருமாதி முடிந்ததும் வீட்டுப் பெண்கள் முறைப்படி எல்லாவற்றையும் வெளியேற்றினார்கள். அவருடைய பாய், தலையணை, செருப்பு, சட்டைகள், முகம் வழிக்கிற சாமான்கள், தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் செம்பு. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். புஷ்பலதா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கால்களுக்கு அடியில் ஓடியபோது கால்களைத் தூக்கிக்கொண்டாள். காரையும் கழுவினார்கள், வெளியே மட்டும்.

விடுப்பு முடிந்து அவள் ஈப்போவுக்கு வேலைக்குக் கிளம்பினாள். ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் கணக்கும் அடுக்கும் அவள் பொறுப்பு. பஸ்ஸை நம்பினால் கடை திறந்து பாதிப் பொழுது போன பிறகுதான் போய்ச் சேரமுடியும். ஆகவே சாவியை எடுத்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட் எங்கேயோ பின்னால் இருந்தது. வழக்கம்போல் கை சீட்டுக்கு அடியில் போயிற்று. பிடியைத் தொட்டது. திரும்பி வந்துவிட்டது. அதற்குக் காரணம் எதையும் அவள் யோசிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு குஷனை எடுத்து வந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, காலை நீட்டினாள். கட்டைவிரலும் பக்கத்து விரலும் கிளட்ச்சைத் தொட்டன.

அன்றைக்கே சத்தம் ஆரம்பித்தது.

ரிவர்ஸ் போட்டபோது அடியிலிருந்து கர்ர்ர்ர் என்று, உரலுக்குள் ஆணியைப் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போதும் வந்தது. மூன்றிலும் வந்தது. ஈப்போவில் சிவப்பு விளக்குச் சந்தியில் பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரன் ஹெல்மெட்டைத் தூக்கி, "அக்கா, கியரு பசியில இருக்கு, ஏதாச்சும் வாங்கிக் கொடுங்க," என்றான். அவள் அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். கார் பல நாள் சும்மா நின்றதால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுரேன் வந்திருந்தபோது அவள் காரை வாசலிலிருந்து பின்னால் எடுத்தாள். வெளியே நின்றவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"கியர்பாக்ஸ் ஹாபிஸ், அண்ணி. முடிஞ்சு போச்சு. இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்லா. சிம்பாங் பூலாய்ல பழைய வண்டி எடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான், லாரி கொண்டாந்து தூக்கிட்டுப் போயிருவான். உங்களுக்கு ஒரு சின்ன ஆட்டோ கியர் கார் பாப்போம். கிளட்ச்சும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"பட்டறை ஃபோர்மேன்கிட்ட ஒரு தரம் காட்டிட்டுச் சொல்றேன்."

"காட்டுங்க. அவன் என்னா சொல்லப் போறான்? வெள்ளிக்கிழமை லாரிக்காரனை வரச் சொல்லிரவா?"

"அவரு முடியாதுன்னு சொன்னா, வரச் சொல்லு."

பாயும் செம்பும் போனபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. கார் போகக்கூடாது என்று மட்டும் இருந்தது. அதைச் சுரேனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லாமல் விட்டாள்.

தனேஷின் பட்டறை செமோருக்கு வெளியே, பழைய தோட்டத்துப் பாதையில் இருந்தது. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்காகச் செம்பனை வந்த பிறகும், ரப்பர் பால் சேர்த்த ஸ்டோரின் சிமெண்டுத் தரை மட்டும் உடையாமல் கிடந்தது. அதன்மேல் தகரக் கூரை போட்டுக் கார்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாதவன். வேலை கற்றது தைப்பிங்கில் என்பதால் செமோர் ஆட்களை அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவனே காரை எடுத்துப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "எங்கக்கா சத்தம்? வெண்ணெய் மாதிரி விழுது."

"வருது தம்பி. தினமும் வருது."

அடியில் படுத்துப் பார்த்தான். கியர் எண்ணெய் குறைந்து கறுத்திருக்கிறது, இதுதான் காரணம் என்று புதிதாக மாற்றிக் கொடுத்தான். அவள் கிளம்பினாள். பட்டறையின் வளைவிலேயே கர்ர்ர்ர் என்றது. திரும்பி வந்தாள்.

"அட, ஆமாலா!" அவன் தலையைச் சொறிந்தான். கிளட்ச் கேபிள் தொய்ந்திருக்கலாம் என்று திருகி இறுக்கினான். மறுபடி தானே ஓட்டிப் பார்த்தான். சத்தமில்லை. அவள் உட்கார்ந்தாள். சத்தம்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வண்டிக்கு என்னைப் பிடிச்சிருக்கு, உங்களைப் பிடிக்கலை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது. "கியர்பாக்ஸ் போயிருச்சா? அதைச் சொல்லுங்க. போச்சுன்னா வெள்ளிக்கிழமை லாரி வந்து தூக்கிட்டுப் போயிரும்."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்கவேண்டும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தான். எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தான். எல்லாம் சுலபமாக விழுந்தன.

"உள்ள ஒண்ணும் ஒடையலை. ஒரே ஒரு கியர்ல மட்டும் சத்தம் வந்தா அந்தக் கியரோட வளையம் தேஞ்சிருக்கும், இறக்கிப் பிரிக்கணும். உங்களுக்கு எல்லாத்துலயும் வருது. ரிவர்ஸ்ல ரொம்ப. அப்படின்னா கிளட்ச் முழுசா விடலை. எஞ்சின் சுத்துறப்பவே பல்லும் பல்லும் மோதுது. ஆனா நான் மிதிச்சா விடுது. நீங்க மிதிச்சா விடலை. என்னா மாயம் இது?" சற்று யோசித்தான். "நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்கார்றேன்."

பக்கத்து சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். அவள் குஷனைச் சரிசெய்து, விளிம்புக்கு நகர்ந்து, காலை நீட்டினாள். அவன் கியரைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தான். அது பெடலோடு பாதி தூரம் போய் நின்றது. கர்ர்ர்ர்.

"அடக் கடவுளே. எட்டவே இல்லையேக்கா! நுனி விரல்ல மிதிச்சா எப்படி விடும்?" அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் கிறுக்கன் மாதிரி எண்ணெய் மாத்துறேன், கேபிள் திருகுறேன். இந்த வண்டியை வேற யாரு ஓட்டுறது, வீட்டுக்காரரா?"

"ஆமா."

"நெட்டையா இருப்பாரா?"

"நெட்டைதான்."

"அதான். அவரு பின்னால தள்ளி வெச்சுட்டுப் போயிர்றாரு, நீங்க மாத்தாம அப்படியே ஓட்டுறீங்க. போய் நல்லாத் திட்டுங்க அவரை." சொல்லிக்கொண்டே அவள் சீட்டின் பிடிக்குக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க."

அவன் கை நின்றது.

"அவரு இல்லை, தம்பி. தள்ளி வெச்சாரு. அன்னைக்கே போயிட்டாரு."

தனேஷ் கையை மடியில் வைத்துக்கொண்டான். செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரி பாதையில் போயிற்று. அது போய்த் தூசி அடங்கும்வரை இரண்டு பேரும் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேபிளை இன்னும் இறுக்கினா?" என்று அவள்தான் கேட்டாள்.

"கிளட்ச் வழுக்கி எரிஞ்சுரும்க்கா."

"பெடல்ல கட்டை ஏதாச்சும்?"

"வெச்சுக் கட்டலாம். நழுவி பிரேக்குக்கு அடியில போச்சுன்னா உங்க உசுருக்கு யாரு பதில் சொல்றது? நான் செய்ய மாட்டேன்."

"இப்படியே ஓட்டினா?"

"இப்ப ஒண்ணும் ஆகலை. இப்படியே ஓட்டினா பல்லெல்லாம் கொட்டிரும். அப்புறம் லாரிதான்."

அவன் இறங்கினான். குழாயடியில் கை கழுவப் போனான். ஏற்கெனவே துடைத்த கைதான்.

அவள் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. எதிரே மரத் தூணில் போன வருஷக் காலண்டர் ஒன்று, ஏதோ ஒரு மாதத்தின் நடுத் தேதிக்குப் பிறகு கிழிக்கப்படாமல் தொங்கியது. குஷனை எடுத்துப் பின் சீட்டில் போட்டாள். அடியில் கைவிட்டுப் பிடியைத் தூக்கி இழுத்தாள். சீட் அசையவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி மறுபடி இழுத்தாள். நகரவில்லை.

"தம்பி," என்று கூப்பிட்டாள். "இறுகிப் போச்சு."

தனேஷ் எண்ணெய் டப்பாவோடு வந்தான். மண்டியிட்டு, சீட்டின் கீழிருந்த இரும்புத் தடத்தில் இரண்டு பக்கமும் பீய்ச்சினான். சீட்டில் கை படாமல் பார்த்துக்கொண்டான். எழுந்தவன், "அடையாளம் வெச்சுக்கணும்னா சாக் இருக்குக்கா. இருந்த இடத்துல ஒரு கோடு போட்டுத் தரேன்," என்றான். இந்தத் தடவை அவன் குரல் தணிந்திருந்தது.

அவள் யோசித்தாள். "வேணாம்," என்றாள்.

கடக், கடக், கடக். எத்தனை பல் நகர்ந்தது என்று அவள் எண்ணவில்லை. சீட் நகர்ந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் மணல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இடது கால் கிளட்ச்சின் மேல் முழுதாகப் பதிந்து அடிவரை போயிற்று. ரிவர்ஸ் போட்டாள். எந்தச் சத்தமும் இல்லாமல் விழுந்தது.

அன்று சாயங்காலம் சுரேன் வந்தான். ஃபோர்மேன் பார்த்துவிட்டான், கியர்பாக்ஸுக்கு ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. "ஏமாத்தியிருப்பான் அண்ணி. சாவியைக் கொடுங்க, நான் பாக்குறேன்," என்று வாங்கிப் போனான். கதவைத் திறந்து, பழக்கத்தில் தொப்பென்று உட்காரப் போனான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் போய் இடித்தன.

"யாருலா இந்த சீட்டுல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அண்ணன் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டது அவன் வாயில் தானாக வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாசலில் நின்ற புஷ்பலதா, "கோழிதான்," என்றாள்.

அவன் சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. முழங்கால்களை ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு தெருமுனைவரை ஓட்டிப் போய்த் திரும்பினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சாவியை அவளிடம் கொடுத்தான்.

"கியரு நல்லாத்தான் இருக்கு. லாரிக்காரனுக்கு வேணாம்னு சொல்லிர்றேன், அண்ணி."

"சொல்லிரு. சாப்பிட்டுப் போ."

"இல்ல, வாரேன்."

மறுநாள் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவள் உட்கார்ந்தாள். கால் எட்டியது. ரிவர்ஸில் சத்தமில்லாமல் வெளியே எடுத்து, ஒன்றில் கிளப்பி, இரண்டுக்கு மாற்றினாள். சத்தம் வரவில்லை. ஆனால் கியர் உடனே விழவில்லை. கொஞ்சம் முரண்டு பிடித்தது, கையை ஊன்றித் தள்ளவேண்டி இருந்தது. புது எண்ணெய் ஊற்றியும் அப்படித்தான் இருந்தது. கோயில் முக்கு தாண்டியதும் சரியாகிவிட்டது.