என் தலையின் இடது பாதி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் என் தங்கையின் முடிதிருத்தும் கடை. ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. என் வலது பக்கத்தை அழகாக வெட்டிவிட்டுத் துணியை உதறினாள்.

"முடிஞ்சுது, எழுந்திரு."

"இன்னொரு பக்கம்?"

"எந்தப் பக்கம்?"

"விளையாடாத."

"நான் எதுக்கு விளையாடறேன்? உன் தலையே கோணல். படைச்சவன்கிட்ட போய்ச் சண்டை போடு."

இடது பக்கத்தில் ஒரு முடியைக்கூட அவள் தொடவில்லை. அவள் உதட்டின் இடது ஓரம் தொங்கியிருந்தது. இடது கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. அவளை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

2

[முதலில் எழுதிய தொடக்கம்: 'முப்பது வயதில் பக்கவாதம் என்றால் யார்தான்…' அடித்துவிட்டேன். நான் எழுதுவதையெல்லாம் தங்கை எடுத்துப் படித்துவிடுவாள். "எனக்கு இருபத்தொம்பதுதான்" என்றாள்.]

மருத்துவமனை வாசலில் என் தலையைப் பார்த்ததும் என்னைத்தான் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தங்கையும் ஒத்து ஊதினாள்.

"ஆமா சார், எங்க அண்ணனுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. இல்லாத பக்கத்த வெட்டச் சொல்றான்."

3

இங்கே ஒரு மருத்துவர் வரவேண்டும். நரைத்த தலையோடு எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வந்தவர் தங்கை வயதுப் பெண்.

"உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம சொந்த உடம்புமேலயே பாஞ்சிருக்கு. அதனால ரத்தம் உறைஞ்சு, கட்டி மூளைக்குப் போயிருக்கு. மூளை இடது பக்கத்தக் கணக்குலயே எடுத்துக்கல. வேடிக்கை என்னன்னா, சோதனைக் குழாயில இவங்க ரத்தம் உறையறதுக்கு ரொம்ப நேரம் எடுக்குது."

"வெளியில பரமசாது, வீட்டுக்குள்ள ரகளை" என்றாள் தங்கை. "எங்க அண்ணன் மாதிரி."*

*அடிக்குறிப்பு: இவளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. நாள் முழுக்க நின்று முடி வெட்டியதால்தான் என்றார்கள் உறவுக்காரர்கள். அவளும் நம்பினாள். அதற்கும் இந்த நோயே காரணமாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும், பக்கவாதத்துக்கு அழாதவள் அழுதாள். நானும் அழுதேன். இதைக் கதைக்கு நடுவே வைக்க எனக்குத் தைரியமில்லை.

4

நோயை உறுதிசெய்யப் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும் என்றார்கள். கதைக்கு மருத்துவமே இடைவேளை விட்டுவிட்டது. தங்கை ஒரு நிபந்தனை போட்டாள்.

"அதுக்கப்புறம் உன் தலைய முழுசா வெட்டுவேன். முடியலன்னா கடைய வித்துடுவேன்."

ஆகவே பாதித் தலையோடு திரிந்தேன். வலப்பக்கம் வருபவர்கள் வணக்கம் வைத்தார்கள், இடப்பக்கம் வருபவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மறுபரிசோதனையிலும் அதேதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அநேகமாக ஆயுள் முழுக்க.

5

முடிவு ஒன்று: முழுத்தலையையும் வெட்டிவிடுகிறாள், நான் கைதட்டுகிறேன், கடையில்… (சகிக்கவில்லை.)

முடிவு இரண்டு: அவள் பின்னால் நிற்கும்போது என் இடது பக்கம் அவளுக்கும் இடது. பேச்சுக்கொடுத்தபடியே நாற்காலியைச் சுழற்றி அவளுக்கு நேராகத் திரும்பிவிட்டால், அது அவளுடைய வலது பக்கமாகிவிடும். கச்சிதமாக வெட்டிவிடுவாள். கடையும் பிழைக்கும். ஆனால் சீப்பைப் பிடிக்கும் அவளுடைய இடது கையை அவளே கவனிக்காமல் போனால்? மாத்திரை சாப்பிடும் உடம்பு. கத்தரி பட்டால் ரத்தம் லேசில் நிற்காது.

6

இப்போது நாற்காலியில் இருக்கிறேன். வலது பக்கத்தை முடித்துவிட்டாள். கத்தரி நடு வகிட்டில் நிற்கிறது. என் பாதம் தரையில். ஒரு தள்ளு தள்ளினால் போதும், ஆனால் நான்

"அண்ணா, காலத் தூக்கி மேல வை."

"ஏன்?"

"அஞ்சாவது பகுதிய நேத்தே படிச்சுட்டேன். திருப்பினா காத அறுத்துடுவேன்."

காலைத் தூக்கி வைத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள்தான் எதிரே இருக்கிறீர்கள். கத்தரி என் இடது காதுப் பக்கம் வருகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.