மெல்லிய திருப்புளி

தெருவில் அவரை ரெட்டைக் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். வேலையில் உட்கார்ந்தால் ஒரு மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொள்வார். பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அதற்கான லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னால் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் திருகாணித் தலையின் வெட்டு, ஒரு முடி நுழையும் அகலம்தான் இருக்கும். கடையில் விற்கும் திருப்புளி அதற்குள் போகாது. அழுத்தினால் தலை சிதைந்துவிடும். அதனால் தனக்கு வேண்டிய கருவிகளை அவரே செய்துகொண்டார். தேய்ந்த அரம், உடைந்த கடிகார வில், சைக்கிள் கம்பி, பல் டாக்டர் தூக்கிப் போட்ட கொக்கி, எதையும் விடமாட்டார். நெருப்பில் காட்டி, தட்டி, எண்ணெயில் தோய்த்து, ராவிக் கைப்பிடி போட்டுவிடுவார். கைப்பிடியில் தன் அடையாளமாக மூன்று புள்ளி குத்துவார்.

"இந்த வீட்டுல இன்னும் திருப்புளியா மாறாம இருக்கறது நான் ஒருத்திதான்" என்பாள் மனைவி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், மர வியாபாரி வந்தான். கையில் போர்வை சுற்றிய நீள மூட்டை. எட்டு மாதத்துக்கு முன் அவனுடைய அண்ணன் துப்பாக்கியைத் துடைக்கும்போது அது தானாக வெடித்து அவர் செத்துப்போனது ஊருக்கே தெரியும். போலீஸில் விபத்து என்று எழுதி, துப்பாக்கியைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

"சாரல் அடிக்குதுண்ணே" என்று சொல்லி அவனே வாசல் கதவைச் சாத்தினான். "உள்ள ஒரு பல்லு தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

திறக்காமலே உள்ளே தேய்ந்திருப்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று ரெட்டைக் கண்ணாடிக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினார். நான்கு திருகாணியும் கீறலே இல்லாமல் சுழன்று வந்தன. இழுத்து நிறுத்திய சுத்தியலை விழாமல் பிடித்துக்கொள்ளும் சிறு இரும்புப் பல்லை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

வயதாகித் தேய்ந்த இரும்பு மழுங்கிக் கறுத்திருக்கும். இது தட்டையாக, பளபளவென்று இருந்தது. குறுக்கே மெல்லிய கோடுகள். முப்பது வருஷம் அரம் பிடித்தவருக்கு அது என்ன கோடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ராவியிருக்கிறார்கள். தொட்டாலே சுத்தியல் விழும்படி, அளந்து ராவியிருக்கிறார்கள்.

 திருகாணியில் ஒரு கீறல்கூட இல்லாமல் இதைத் திறக்க அவருடைய கருவி போல ஒன்று வேண்டும். போன வருஷம் இதே ஆள் வந்து, ஏதோ நுணுக்கமான வேலைக்கு மெல்லிய திருப்புளி ஒன்று வேண்டும் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "உங்க கை யாருக்குண்ணே வரும்" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தார்.

நிமிர்ந்து பார்த்தார். மர வியாபாரி சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தான். மூன்று புள்ளி.

"இதைத்தானே யோசிக்கிறீங்க? நீங்க செஞ்சதுதான். நாளைக்கு யாராச்சும் கேட்டா, திறந்தது நான்தான்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?"

அவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணி கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. திங்கக்கிழமை இதை நிபுணர்கிட்ட ஒப்படைக்கணுமாம். புதுப் பல்லு பழசு மாதிரி கறுத்து இருக்கணும். இந்தப் பல்லை எங்கிட்ட குடுத்துடணும். அவ்வளவுதான்." பிறகு உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பி, மெதுவாகக் கேட்டான். "அக்கா தனியாத்தான் இருக்காங்களா?"

 ராவிய பல்லை ரெட்டைக் கண்ணாடி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, பழைய அரத்துண்டு ஒன்றை வைஸில் இறுக்கிப் பிடித்து வேலையைத் தொடங்கினார்.  இரண்டு மணி நேரம் அரத்தின் சத்தமும் மழையின் சத்தமும்தான். அந்த ஆள் கண்ணை எடுக்கவே இல்லை. அவன் தும்மி முகத்தைத் துடைத்த ஒரு நொடியில், புதுப் பல்லின் உள்பக்கத்தில் மூன்று புள்ளி குத்திவிட்டார். பிறகு சூடாக்கி எண்ணெயில் போட்டார். இரும்பு கறுத்தது. அதைத் துப்பாக்கியில் பொருத்தித் தகட்டை மூடினார்.

அப்போது மனைவி டீயோடு வந்தாள். நீட்டிய டம்ளர் சரிந்து, கொதிக்கும் டீ மர வியாபாரியின் தொடையில் கொட்டியது. அவன் அலறிக்கொண்டு எழுந்து உதறினான்.

"ஐயோ, பாவி நான்! கால்ல விழுந்துச்சா தம்பி? தண்ணி ஊத்துங்க, தண்ணி!" என்று அவள் முந்தானையோடு அவன்முன் வந்து நின்று மறைத்தாள். ரெட்டைக் கண்ணாடியின் விரல்கள் பழஞ்சாமான் டப்பாவுக்குள் போய்வந்தன. மேஜையில் இருந்த ராவிய பல் அவர் மடிக்குள் போனது. அதன் இடத்தில் வேறொரு தேய்ந்த பல் உட்கார்ந்தது.

மர வியாபாரி அந்தப் பல்லை எடுத்து, கதவைத் திறந்து, மழைநீர் ஓடிய சாக்கடையில் வீசினான். துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டான். திருப்புளியை மட்டும் தொடவில்லை.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணே."

அவன் தெருமுனை திரும்பும்வரை இருவரும் அசையவில்லை. "முப்பது வருஷமா டம்ளர் பிடிக்கிறேன்" என்றாள் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு. "கை தவறுற ஆளா நான்? எல்லாம் கேட்டுச்சு."

சனிக்கிழமை முழுக்க அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"போய்ச் சொன்னா லைசென்ஸ் போயிடும். உங்களையும் சேர்த்து இழுப்பாங்க" என்றாள் அவள்.

"இழுக்கட்டும். திருப்புளி எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கையைப் புகழ்ந்ததும் மயங்கிட்டேன்."

ஞாயிறு காலையில் இருவரும் இறந்தவரின் மனைவியைத் தேடிப் போனார்கள். அவள் கதவைப் பாதி திறந்து நின்றே கேட்டாள். கேட்டு முடித்ததும் கையை நீட்டினாள். உள்ளங்கையில் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா?" என்றாள். 

திங்கட்கிழமை நிபுணர் துப்பாக்கியைத் திறந்தபோது, புதுப் பல்லில் புள்ளிகள் இருக்குமிடத்தைச் சொல்ல ரெட்டைக் கண்ணாடியும் இறந்தவரின் மனைவியுடைய வக்கீலோடு அங்கே இருந்தார். மர வியாபாரி அவரைப் பார்த்தான். கோபப்படவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே போலீஸோடு போனான்.

லைசென்ஸை எடுத்துக்கொண்டார்கள். அவர் செய்த கருவிகள் அத்தனையும் பட்டியல் போட்டு இரண்டு சாக்கில் கட்டி ஏற்றினார்கள். தையல் மிஷின்களைப் பழுது பார்த்துப் பிழைப்பு ஓடியது.

நாலாவது மாதம் மர வியாபாரி ஜாமீனில் வந்தான். மூன்றாம் நாளே எதிர் நடைபாதையில் வந்து நின்றான். பட்டப்பகலில், கையைக் கட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி. யாரிடமும் வம்புக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும், அக்கா எத்தனை மணிக்குக் கடைக்குப் போவாங்க என்று மரியாதையாக விசாரித்தான். போலீஸில் போய்ச் சொன்னார்கள். நடைபாதையில் நிற்பது குற்றமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிடு" என்றார் ரெட்டைக் கண்ணாடி.

"நீங்களும் வந்தா போறேன்."

"சாட்சி சொல்ற வரைக்கும் நான் ஊரை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப பேச்சை விடுங்க."

அவள் ஜன்னலை ஒருக்களித்துப் பார்த்தாள். சாட்சி சொல்ல இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அந்த ஆள் வெயிலில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான்.